இருபத்து நான்காவது பெட்டி

கள்ளிச்செவல் மகளிர் தையல் கூடத்துக்குத் தரை போட்ட கதையை அந்த ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். அன்றைக்குக் கலவை வண்டி இரண்டு வந்தது என்பார் ஒருவர், ஒன்றுதான் வந்தது என்று அடித்துச் சொல்வார் இன்னொருவர், வேலை முடிந்தபோது மணி என்ன என்பதில்கூட ஒற்றுமை கிடையாது. ஆனால் தரைக்குள் பதித்த இருபத்து நான்கு மின்பெட்டிகளில் இருபத்து மூன்றைக் கொம்பையா வைத்தான், ஒன்றை அவன் பெண்டாட்டி சீனித்தாய் வைத்தாள் என்பதில் மட்டும் ஊருக்குள் இரண்டு பேச்சு இல்லை.

கூடம் பெரியது. அறுபது அடி நீளம், நாற்பது அடி அகலம், நடுவில் ஒரு தூண் கிடையாது. தையல் மெஷின்களைச் சுவரோரம் போடலாம் என்று காண்டிராக்டர் சொன்னதை, சங்கத் தலைவி ஞானஎஸ்தர் டீச்சர் ஒரே பேச்சில் தள்ளிவிட்டார். பெண்கள் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டா உட்காருவார்கள், எல்லாரும் எல்லார் முகத்தையும் பார்க்கும்படி மெஷின் நடுக்கூடத்தில்தான் வேண்டும் என்றார். நடுக்கூடத்துக்குக் கரண்ட் எப்படி வரும்? மேலேயிருந்து ஒயர் தொங்கினால் துணியில் மாட்டும், தரையில் ஓடினால் காலில் மாட்டும். அதனால் தரைக்கு அடியிலேயே குழாய் ஓட்டி, மெஷின் நிற்கப்போகும் இடங்களில் எல்லாம் தரைமட்டத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி பதித்து, பித்தளை மூடி போடுவது என்று முடிவானது. மூடியைத் திறந்தால் பிளக் பாயிண்ட், மூடிவிட்டால் அதன்மேல் ஆள் நடந்து போகலாம்.

இந்த வேலையில் ஒரு வினை உண்டு. எல்லாவற்றையும் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் செய்து முடித்துவிட வேண்டும். மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, பிளாஸ்டிக் தாள் விரித்து, கம்பி கட்டி, கம்பிக்கு ஊடே குழாயை ஓட்டி, பெட்டியைக் கட்டுக்கம்பியால் இறுக்கி, உள்ளே கலவை புகாமல் தெர்மாகோல் அடைத்து, வாயில் டேப் ஒட்டி, வரப்போகிற தரையின் மட்டத்துக்கு நூல் கட்டிப் பார்க்க வேண்டும். அந்தத் தரை அப்போது காற்றில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தரைக்குப் பெட்டி வைக்கிற வேலை அது. அந்த வேலையில் கொம்பையாவை அடிக்க அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை. அவன் வைத்த பெட்டிமேல் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும் என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக நூலின் மறுமுனையைப் பிடித்து நின்றவள், குழாயை அறுத்துத் தந்தவள், டேப்பைக் கிழித்து விரலில் தயாராக ஒட்டி வைத்திருந்தவள் சீனித்தாய். அவளை யாரும் எலக்ட்ரீஷியன் என்று சொன்னதில்லை, கொம்பையாவும் சொன்னதில்லை, அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. கையுதவிக்குக் கூட வருகிறவள், அவ்வளவுதான்.

தரை போட்ட அன்று, கலவை வண்டிக்காரன் வாசலில் திருப்பும்போது கொம்பையாவின் மெயின் குழாய்மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டான். கொம்பையா கத்திக்கொண்டே ஓடினான். அவன் அங்கே வண்டிக்காரனுடைய தகப்பன் பாட்டன்வரை விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே நடுவரிசையில் கம்பி மிதித்து நடந்த யாரோ ஒருவன் கால்பட்டு ஒரு பெட்டி நசுங்கிப்போனது. கலவையோ மறுகோடியிலிருந்து மூலைமூலையாகக் கொட்டிக்கொண்டு வந்தது. சீனித்தாய் சாக்கிலிருந்து மாற்றுப் பெட்டி ஒன்றை எடுத்தாள், குந்தி உட்கார்ந்தாள், நசுங்கியதை அறுத்துவிட்டுப் புதியதைக் கட்டினாள். தெர்மாகோல் தீர்ந்துபோயிருந்ததால் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உள்ளே திணித்து டேப் ஒட்டினாள். கொம்பையா திரும்பி வந்தபோது கலவை பெட்டியின் கழுத்துவரை வந்துவிட்டது.

“மட்டம் பாத்தியாட்டி?”

“பாத்தேன்.”

“எத வச்சுப் பாத்த? ரசமட்டம் என் இடுப்புல கெடக்கு.”

“கண்ணால பாத்தேன்.”

அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். கொத்தனார் ராசகனி மட்டப்பலகையை இழுத்துக்கொண்டே சிரித்தார். “விடுலே கொம்பையா, ஒண்ணுதான. இருபத்து மூணு ஒழுங்கா இருக்குல்லா.”

தரையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, இருபத்தொரு நாள் ஊறவிட்டு, தண்ணீரை வடித்துக் கழுவி, ஒவ்வொரு பெட்டியாக டேப்பைக் கிழித்துச் சுத்தம் செய்தார்கள். கொம்பையாவின் இருபத்து மூன்றும் புதுக் கிண்ணம் மாதிரி இருந்தன. இருபத்து நான்காவதின் டேப்பைக் கிழித்து, உள்ளே கிடந்த துண்டைச் சீனித்தாய் இழுத்ததும், அதன் பின்னாலேயே காற்று வந்தது. குளிர்ந்த காற்று. தை மாதத்திலிருந்து ஒரு சொட்டு காணாமல் கிடந்த அந்தக் கரிசல் பூமியில், முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து எழும்புமே ஒரு வாசம், அந்த வாசத்தோடு வந்தது. அவள் முந்தானையை உப்ப வைத்தது, ராசகனியின் பீடிப் புகையைக் கலைத்தது, சன்னல் வரை போய்த் திரும்பி வந்தது. நிற்கவில்லை.

“நல்லாருக்கே” என்றாள் சீனித்தாய்.

கொம்பையா முதலில் செய்த காரியம், ரசமட்டத்தை எடுத்து அந்தப் பெட்டியின் விளிம்பில் வைத்துப் பார்த்ததுதான். வடக்கு ஓரம் ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, உயர்ந்திருந்தது. ஒரு நூல். கோலிக்குண்டை வைத்தால் நிற்காமல் ஓடும். அதிலிருந்து காற்று வருகிறது, மட்டம் பிசகாத இருபத்து மூன்றும் வாயைப் பிளந்துகொண்டு சும்மா கிடக்கின்றன. ரசமட்டத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை வைத்துப் பார்த்தான்.

ஊர் அந்தக் காற்றைச் சீக்கிரமே பழக்கிக்கொண்டது. மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து மீட்டரைப் பார்த்தார், மீட்டர் ஓடவில்லை, காற்றுக்குக் கட்டணம் வாங்க எந்தப் பிரிவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அரைமணி நேரம் பெட்டியருகே உட்கார்ந்திருந்து போனார். அம்மன் கோயில் பூசாரி வந்து பார்த்தார், பாதிரியார் வந்து பார்த்தார், இரண்டு பேருமே தங்களுக்கு இதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை என்றார்கள். யாரோ ஒரு மஞ்சள் கயிற்றைச் சுற்றிக் கட்டிக் குங்குமம் வைத்தார்கள், எஸ்தர் டீச்சர் அதை அவிழ்த்துத் துடைத்துவிட்டு “இது தையல் கூடம், ஞாபகம் இருக்கட்டும்” என்றார். வேர்க்குரு வந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் மத்தியானச் சோற்றை இங்கே கொண்டுவந்து சாப்பிட்டார்கள். ஒரு நாள் தையல்காரி மைதீன் பாத்து அதிக நேரம் உட்கார்ந்துவிட்டாள் என்று பெரிய சண்டை வந்து, அதன் பிறகு ஆளுக்குக் கால்மணி என்று கரும்பலகையில் முறை எழுதிப் போட்டார்கள், காற்றுக்கு முன்னால் சண்டை போடுகிறவர்களுக்கு அன்றைய முறை கிடையாது என்று கடைசி வரியாக ஒரு சட்டமும் சேர்த்தார்கள். அந்தப் பெட்டியருகே தைத்த பாவாடைகளை உதறினால் மழை வாசம் அடித்தது, அதற்காகவே வெளியூர்க் கடைகள் கேட்டு வாங்கின. மினி பஸ் கண்டக்டர் கூடத்துக்கு எதிரே நிறுத்தி “காத்துப்பெட்டி எல்லாம் எறங்கு” என்று சத்தம் கொடுக்க ஆரம்பித்தான். இரண்டே மாதத்தில், அந்தக் காற்று இல்லாத காலம் ஒன்று இருந்ததையே ஊர் மறந்துபோனது.

வைத்தவள் யார் என்பதை மட்டும் மறக்கவில்லை.

சீனித்தாய் தெருவில் நடந்தால் திண்டில் தலைவைத்துப் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். டீக்கடையில் அவளுக்கு முதல் டீ. கூடத்தில் அவளுக்கென்று ஒரு முக்காலி, அவளுக்கு முறை கிடையாது, எந்த நேரமும் வந்து உட்காரலாம். “எப்படிக்கா வச்ச?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதில்தான் சொன்னாள்: “வச்சேன், வேற என்ன. கலவை வந்திருச்சு, கட்டுனேன்.” அந்தப் பதிலில்தான் கொம்பையாவுக்கு எரிந்தது. பெருமையடித்திருந்தால் ஒரு சண்டை போட்டு அடக்கியிருக்கலாம். தற்செயல் என்று சொல்லியிருந்தால் ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். கொத்தமல்லி நறுக்கியதைச் சொல்வதுபோலச் சொல்கிறவளை என்ன செய்வது?

“நான் சொல்லிக் குடுத்தபடிதான் வச்சா” என்று ஒரு நாள் டீக்கடையில் சொல்லிப் பார்த்தான்.

ராசகனி டம்ளரைக் கீழே வைத்தார். “சொல்லிக் குடுத்தவன் வச்ச இருபத்து மூணுல ஏன்லே வரல?”

கடையே சிரித்தது. அன்றிலிருந்து கொம்பையா டீக்கடைக்குப் போவதை நிறுத்தினான். ஆனாலும் பேச்சு அவனைத் தேடி வந்தது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு வீட்டு வயரிங் வேலைக்குக் கூப்பிட வந்தவர் வாசலில் நின்று, “காத்துக்காரம்மா வீட்டுக்காரர் நீங்கதானா?” என்றார். கொம்பையா எலக்ட்ரீஷியன் என்று இருபத்தைந்து வருடமாகச் சம்பாதித்த பெயர் ஒரு மழை வாசத்தில் கரைந்துபோயிருந்தது. அவள் வைக்கிற குழம்பை யாராவது நன்றாக இருக்கிறது என்றால் அவனுக்கு அது உப்புக் கரித்தது. அவள் படுத்ததும் தூங்கிப்போவதைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது. கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருக்கும்போது பின்னால் அவள் முகம் தெரிந்தால் சீப்பை வைத்துவிட்டு நகர்ந்தான். வேற்று ஆள் ஒருவன் தன்னை மிஞ்சியிருந்தால் எட்டி நின்று ஏசலாம், ஊரை விட்டுக்கூடப் போகலாம். ஒரே தட்டில் சாப்பிடுகிறவளிடம் தோற்றவன் எங்கே போவான்?

பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. எட்டயபுரம் சாலையில் ஒரு வங்கிக்குப் புதுக் கட்டிடம், தரையில் ஒன்பது பெட்டி. “நீயே வையி” என்றான் சீனித்தாயிடம்.

“ஒன்பதுமா?”

“ஒன்பதும்தான். நான் நூல் பிடிக்கேன்.”

அவள் அவனை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு குந்தி உட்கார்ந்து ஒன்பதையும் வைத்தாள். இருபத்தொரு நாள் கொம்பையா நாளை எண்ணிக்கொண்டு திரிந்தான், எந்தச் சாமி என்று பாராமல் வழியில் தென்பட்ட சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டான். டேப்பை அவனேதான் கிழித்தான். முதல் பெட்டி, சும்மா. இரண்டாவது, சும்மா. ஒன்பதாவதும் செத்த எலிப்பொந்து மாதிரி கிடந்ததைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வரும்போது அரைக்கிலோ அல்வா வாங்கினான். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்து அவள் கையிலேயே கொடுத்தான்.

“என்ன விசேசம்?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. தின்னணும்னு தோணிச்சு.”

அவள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, “பேங்க்ல காத்து வரலியோ?” என்றாள்.

“வரல.”

“நல்லதாப் போச்சு. வந்தா நோட்டெல்லாம் பறக்கும்லா” என்று சொல்லிவிட்டு, விரலில் ஒட்டிய நெய்யை நக்கிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். கொம்பையா மிச்ச அல்வாவைப் பொட்டலமாக மடித்து வைத்தான். காற்று வந்தபோதும் அவள் இப்படித்தான் இருந்தாள், வராதபோதும் இப்படியே இருக்கிறாள். தனக்கு மட்டும் ஏன் இத்தனை வேகிறது என்று அவனுக்குப் புரியவில்லை. அந்தக் கணத்தில்தான் பெட்டியை அடைத்துவிடுவது என்று முடிவெடுத்தான்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழா அன்று ஊர் முழுக்கக் கோயிலில் இருந்தது. உச்சிப் பூசைக்கு மேளம் ஏறும் நேரத்தில் கொம்பையா ஒரு சட்டியில் சிமெண்டும் மணலும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான். மேற்குப்பக்கக் கதவின் கொக்கி சரியாக விழாது என்பது அவனுக்குத் தெரியும். உள்ளே யாரும் இல்லை. மெஷின்கள் துணி போர்த்தி நின்றன. காற்று யாருக்கும் இல்லாமல் தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

இத்தனை மாதத்தில் அவன் ஒரு தடவைகூட அந்தப் பெட்டிக்கு முகத்தைக் கொடுத்ததில்லை. இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் குனிந்தான். சிமெண்டைக் கொட்டியதும் காற்று அதை அப்படியே திருப்பி அவன் தலையில் வாரி இறைத்தது. தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து அப்பினான், கலவை மெல்ல எழும்பி ஓரமாக வழிந்தது. மறுபடியும் அப்பி உள்ளங்கையால் அமுக்கினான். கையை எடுத்தால் எழும்பியது, வைத்தால் அடங்கியது. சரி என்று கையை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டான். பால் தேடும் கன்றுக்குட்டி மூக்கால் முட்டுவதுபோல உள்ளேயிருந்து அது அவன் உள்ளங்கையை முட்டிக்கொண்டே இருந்தது. கோயிலில் மேளம் ஏறி இறங்கியது, குலவை கேட்டது, யாரோ அருள் வந்து கத்துவது கேட்டது. அவன் கையை எடுக்கவில்லை. முட்டுவது மெல்ல மெல்லக் குறைந்து, கலவை சுட ஆரம்பித்து, பிறகு ஒன்றும் இல்லாமல் ஆனது. கையைப் பெயர்த்து எடுத்தபோது தோல் வெந்து வெளுத்திருந்தது. மூடியைப் போட்டுவிட்டு, சட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, வேர்த்து வழிய வீட்டுக்குப் போய்க் குளித்தான். அன்றைக்கு அவனுக்கு நன்றாகப் பசித்தது.

கொடை முடிந்து கூடம் திறந்த அன்று, முதலில் வந்த மைதீன் பாத்து மூடியைத் தொட்டுப் பார்த்து, “அல்லா, காத்தக் காணோமே” என்று கத்தினாள். கத்தி முடிப்பதற்குள் அவளுடைய மெஷினுக்குக் கீழேயிருந்து அவள் பாவாடை ஓரம் ஆடியது. அடுத்த மெஷினுக்குக் கீழே நூல்கண்டு உருண்டது. ஒன்றில் அடைபட்ட காற்று, தரைக்கு அடியில் ஓடிய குழாயெல்லாம் வழி தேடிப் போய், மிச்சமிருந்த இருபத்து மூன்று பெட்டிகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிக்கொண்டிருந்தது. மெல்லிய காற்று, நூல் பறக்காது, துணி கலையாது, ஆனால் ஒவ்வொருத்திக்கும் அவளவள் காலடியில் குளிர்ச்சி.

பெண்கள் கரும்பலகையில் இருந்த முறையை அழித்தார்கள். “கொம்பையாண்ணன் வச்சதுல்லா! எல்லாத்துலயும் வருது பாரு” என்றாள் ஒருத்தி. “ஆம்பள வச்சது மெதுவாத்தான் பழுக்கும்” என்றாள் இன்னொருத்தி, அதற்கு எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ராசகனி டீக்கடையில் எழுந்து நின்று, “நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிடுதேன்லே” என்றார். சீனித்தாய் வைத்தது ஆறு மாதத்தில் தீர்ந்துபோன சரக்கு, கொம்பையா வைத்ததுதான் நிலைச்சரக்கு என்று ஊர் பேசியது. மினி பஸ் கண்டக்டர்கூட அவனைப் பார்த்துக் கும்பிடு போட்டான். கூடத்தில் சீனித்தாயின் முக்காலியில் யாரோ துணிக்கட்டை வைத்திருந்தார்கள், அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. “பாவம் சீனிக்கா” என்று அவள் காதுபடவே சொன்னார்கள். பொய் சொல்வானேன், மூன்று நாள் கொம்பையாவுக்கு அது அமிர்தமாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்தி டீக்கடைக்குப் போனான், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

நான்காம் நாள், பியூஸ் போடக் கூடத்துக்குப் போனவன், வாசலிலேயே நின்றான். சாப்பாட்டு நேரம், பெண்களெல்லாம் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார்கள். உள்ளே சீனித்தாய் மட்டும் இருபத்து நான்காவது பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். உறைந்த சிமெண்டில் ஐந்து விரலும் பதிந்த ஒரு கைத்தடம். சுண்டுவிரல் மட்டும் பாதி. பழைய டிரில்லிங் மெஷின் ஒன்று தின்ற கொம்பையாவின் சுண்டுவிரல் அது, கட்டுப் போட்டு ஒரு மாதம் சோறு ஊட்டியவள் அவள். அவள் தன் வலது கையை மெல்ல எடுத்து அந்தத் தடத்துக்குள் வைத்தாள். அவள் கை சின்னது, சுற்றிலும் இடம் மிச்சம் இருந்தது. கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு மூடியைப் போட்டு, முந்தானையால் பித்தளையைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

கொம்பையா வந்த வழியே திரும்பிவிட்டான். அன்று மாலை அவள் கேட்பாள் என்று காத்திருந்தான். கேட்கவில்லை. சோறு போட்டாள், வெந்த கைக்குத் தேங்காயெண்ணெய் எடுத்து வைத்தாள், மறுநாள் வேலைக்கு வேண்டிய குழாயைக் கணக்குப் பார்த்தாள். அவள் கேட்காத ஒவ்வொரு நாளும் ஊரின் புகழ் அவனுக்குக் கசக்கத் தொடங்கியது. யாராவது “கொம்பையாண்ணே” என்று வாயெடுத்தாலே, உள்ளங்கையில் அந்தக் கன்றுக்குட்டி முட்டியது.

சங்கத்து ஆண்டு விழாவில் அவனுக்குப் பொன்னாடை போர்த்துவது என்று எஸ்தர் டீச்சர் முடிவு செய்திருந்தார். கூடத்திலேயே போட்டிருந்த மேடையில் ஏற்றினார்கள், சரிகைத் துண்டைப் போர்த்தினார்கள், இருபத்து மூன்று பெட்டிக்காரர் என்று மைக்கில் சொன்னார்கள். முன்வரிசையில் சீனித்தாய் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினாள். அந்தக் கைதட்டலில் ஒரு பொய்யோ குத்தலோ இருக்கிறதா என்று கொம்பையா உற்றுப் பார்த்தான், ஒன்றும் இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மைக்கைப் பிடித்தான்.

“நான் அடைச்சிட்டேன்” என்றான். “அவ வச்ச பெட்டிய நாந்தான் சிமெண்ட் போட்டு அடைச்சேன். பொறாமையில அடைச்சேன். இது அவ காத்து.”

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். “பாத்தீங்களா,” என்றார் எஸ்தர் டீச்சர் மைக்கை வாங்கிக்கொண்டு, குரல் தழுதழுக்க, “பெண்டாட்டி மனசு நோகக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிடுதாரு. இப்படி ஒரு புருசன் எந்த ஊர்ல உண்டு?” கைதட்டல் கூரையைத் தூக்கியது. கொம்பையா இறங்கிப் போய் மூடியைத் திறந்தே காட்டினான். பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். “ஆமா, அடைச்சிருக்காரு. தீர்ந்துபோன பெட்டியில பூச்சி பொட்டு அடையாம மூடி வச்சிருக்காரு. எவ்வளவு பொறுப்பு” என்றார்கள். ஊர் எதையும் ஏற்றுக்கொள்ளும், காற்றை ஏற்றுக்கொண்டது, காற்றுப் போனதையும் வந்ததையும் ஏற்றுக்கொண்டது, கொம்பையாவின் பொறாமையை மட்டும் ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டது.

மொபெட்டில் வீட்டுக்குத் திரும்பும்போது பாதி வழியில் சீனித்தாய் பின்னாலிருந்து பேசினாள்.

“ஒங்க கைதான்னு அன்னைக்கே பாத்தேன்.”

“தெரியும். நீ பாத்தத நானும் பாத்தேன்.” வண்டியை ஓரமாக நிறுத்தினான். “ஏன் ஒரு வார்த்த கேக்கல?”

“என்னத்தக் கேக்க? வெளியத் தெரிஞ்சா ஒங்களத்தான் ஏசுவாங்க.” அவள் வண்டியிலிருந்து இறங்கிச் சேலையைச் சரிசெய்தாள். “அது காத்து. எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு எனக்கும் தெரியாது. எனக்கு அது ஒண்ணும் பெரிசில்ல. ஊரெல்லாம் எப்படி வச்ச, எப்படி வச்சன்னு கேட்டுச்சு. நீங்க ஒரு நாளு, ‘ஏ சீனி, அந்த நேரத்துல நல்லாக் கட்டுனட்டி’ன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். காத்து வாரதுக்கு முன்னாடியே பாத்தேன். கலவை கழுத்துக்கு வந்திருச்சு, நான் ஒத்தையில கட்டி முடிச்சிருக்கேன். மட்டம் பாத்தியான்னுதான் கேட்டீங்க.”

கொம்பையா சாலையோர வேலிக்கருவையில் ஒரு குச்சியை ஒடித்தான். “ஒரு நூல் ஏத்தம்” என்றான். “மத்தபடி கட்டு நல்ல கட்டு. நான் கையால அமுக்கிப் பாத்தேன். அசையல.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியில் ஏறிக்கொண்டாள்.

மறு வருடம் ஆவணியில் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகக் கம்பெனிக்குத் தரை போட்டார்கள். காலையில் சைட்டுக்குப் போனதும், ஹெல்மெட் போட்ட ஒரு பெண் இன்ஜினியர் ரிஜிஸ்டரைத் திறந்துகொண்டு வந்தாள். “தரைப்பெட்டி வேலைக்கு எலக்ட்ரீஷியன் யாருங்க?”

நான் என்கிற சொல் இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கொம்பையா அதை விழுங்கினான். மீன்முள் இறங்குவதுபோல இறங்கியது.

“ரெண்டு பேரு” என்றான். “எழுதிக்கோங்க. சீனித்தாய். கொம்பையா.”

“இந்த வரிசையிலயே எழுதட்டுமா?”

அந்தப் பெண் பேனாவை வைத்தபடி காத்திருந்தாள்.

“இந்த வரிசையிலதான். மொதப் பேருக்கு நேர அவங்க கையெழுத்துப் போடுவாங்க” என்றான்.

சொன்ன மாத்திரத்தில் வயிறு எரிந்தது. எரியும் என்று அவனுக்குத் தெரியும், நாளைக்கும் எரியும். சீனித்தாய் கம்பிமேல் தாண்டித் தாண்டி வந்து, விரல்களைச் சேலையில் துடைத்துவிட்டு, ரிஜிஸ்டரை வாங்கி எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்தின் கால் கொஞ்சம் நீண்டு அடுத்த வரியில் இருந்த கொம்பையாவின் பெயர்மேல் இடித்தது. கலவை வண்டி பத்து மணிக்கு வந்துவிடும் என்றார்கள். இன்னும் பதினாறு பெட்டி பாக்கி இருந்தது.